சத்தம் போடாத வேலை

பூவம்மாளின் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று நெடுங்காலமாக நடைமுறையில் இருந்தது. ஓசை எழுப்புகிறவர் வேலை செய்கிறார். ஓசை எழுப்பாதவர் சும்மா இருக்கிறார். பம்புசெட்டு உறுமினால் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்று பொருள். அடுப்படியில் மிக்சி அலறினால் குழம்பு தயாராகிறது என்று பொருள். இளைய மருமகள் எழில்மொழியின் தையல் இயந்திரம் தடதடக்கத் தொடங்கிவிட்டாலோ, வாசலில் யார் வந்து நின்றாலும், "அது வேலையா இருக்கு, அப்பறம் வாங்க" என்று பூவம்மாளே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஓடுகிற தையல் இயந்திரத்தின் முன்னிருந்து ஒருத்தியை எழுப்புவது, இலையின் முன்னிருந்து எழுப்புவதைப் போன்ற தவறு என்பது பூதலூருக்கு அருகே வாய்க்காலை ஒட்டியிருந்த அந்தச் சிற்றூர் முழுவதும் ஏற்றுக்கொண்ட மரியாதை.

இந்தச் சட்டத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டவள் மூத்த மருமகள் சுடர்விழி. அவளுடைய வேலைக்கு ஓசையே கிடையாது.

சென்னையிலுள்ள நிறுவனம் ஒன்று அனுப்புகிற ஒலிப்பதிவுகளைக் கேட்டு, பேசியவர் பேசியபடியே எழுத்தாக்கித் தருவது அவளுடைய வேலை. கூட்டங்கள், நேர்காணல்கள், கருத்தரங்க உரைகள் என்று எதுவும் வரும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, தன்னில் பாதி வயதுப் பெண்களுக்கு நடுவே அமர்ந்து தேர்ச்சி பெற்றவள் அவள். அந்த வேலையைத் தானே தேடிக்கொண்டாள். பின்னறையில் பழைய மடிக்கணினியின் முன், காதில் ஒலி கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் கதவருகே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் மட்டுமே.

"சுடரு, சும்மாதானே இருக்க, அந்த நெல்லுல கோழி மேயுது பாரு."

"சும்மா இல்லங்கத்த, வேலையா இருக்கேன்."

"படம் பாக்குறதுக்குப் பேரு வேலையா? எந்திரிச்சு வா."

கோழியை விரட்டிவிட்டு வந்தால் கறிவேப்பிலை கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வருவாள். அவளை அனுப்பினால் எரிவாயு உருளை வந்து நிற்கும். எழில்மொழியோ நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருப்பாள். மீண்டும் வந்து அமரும்போது, ஒலிப்பதிவில் எந்த இடத்தில் விட்டோம், யார் பேசிக்கொண்டிருந்தார் என்பதை மறுபடி தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். இப்படியாக அடுத்தடுத்து இரண்டு கோப்புகள் தாமதமாயின. அவளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஆயிஷா, வயதில் இளையவளாயினும் கண்டிப்பானவள், தொலைபேசியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

"அக்கா, உங்க வேலை சுத்தமா இருக்கு, அதுல குறையே இல்ல. ஆனா டைமுக்கு வரமாட்டேங்குதே. இந்த மாசம் பாத்துட்டுத்தான் உங்கள நிரந்தரமா வைக்கிறதா வேணாமான்னு சொல்லுவாங்க. இன்னொரு தடவ லேட்டானா நான் பேசிப் பிரயோசனம் இல்லக்கா."

அன்று மாலை கணவன் நெடுமாறனிடம் இதைச் சொன்னாள். அவன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். சம்பா அறுவடைக் காலமாதலால் தலை முதல் கால் வரை வைக்கோல் தூசியோடு வந்திருந்தான்.

"ராத்திரி எல்லாரும் படுத்ததுக்கப்பறம் பண்ணேன். யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நீங்க ராத்திரியில அறுப்பு அறுக்குறீங்களா?"

"பனியில நெல்லு ஈரமா இருக்கும், எப்படி அறுக்குறது?"

"எனக்கு மட்டும் ராத்திரியில கண்ணு சொருகாதா? பகல் வேலைய நான் பகல்லதான் செய்வேன்."

நெடுமாறன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

மடிக்கணினியும் தன் பங்குக்கு அவளைப் படுத்தியது. தமிழ் விசைப்பலகையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற விசை இடது ஆள்காட்டி விரலுக்கு உரியது. எழுத்துக்கு எழுத்து உழைத்த அந்த விசை தேய்ந்துபோய், ஓங்கிக் குத்தினால்தான் புள்ளி வைத்தது. மாலையானால் அந்த விரல் குழம்பைத் தொட்டாலும் வலித்தது. எனவே புதிய விசைப்பலகை வாங்குவதென்று அவள் முடிவு செய்தபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அவள் மனத்தில் விரல் வலிக்கு மேல் வேறொரு திட்டமும் இருந்ததை யாரும் அறியவுமில்லை.

மறுநாள் காலை பூதலூரில் ரயிலேறித் தஞ்சாவூருக்குப் போனாள். பழைய பேருந்து நிலையத்தின் பக்கத்துத் தெரு ஒன்றில் மாடியில் இருந்தது கணினிக் கடை. கடைக்காரன் ஷஹ்பாஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றான்.

"வாங்கக்கா. பையனுக்கா? கேம் விளையாடவா?"

"எனக்கு. நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறதுக்கு."

அவன் முகத்தில் மரியாதை சற்றே கூடியது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலப் பலகை ஒன்றை எடுத்து வைத்தான். அதில் விசைகள் சில தனித்தனியே பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியொரு சுவிட்சு உண்டென்றும், அதன் தண்டின் நிறத்தைக் கொண்டுதான் வகை சொல்வார்கள் என்றும் விளக்கினான்.

"இது ரெட்டு. அழுத்துறதே தெரியாது, வழுக்கிக்கிட்டு உள்ள போகும். இது பிரவுனு. பாதி வழியில சின்னதா ஒரு மேடு தட்டும் பாருங்க, அங்கயே எழுத்து விழுந்துரும். அடி வரைக்கும் குத்த வேணாம். இது ப்ளூ. அதே மேடுதான், கூடவே சத்தமும் வரும்."

சுடர்விழி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சிவப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. பாசி படிந்த படித்துறையில் கால் வைத்தாற்போல இருந்தது. பழுப்பின் மேல் அவளுடைய வலிக்கிற விரல் தயங்கி நின்றது. அழுத்தத் தொடங்கியதும் மெல்லிய தடை. தடையைத் தாண்டியதும் விடுதலை. விரல் தானாக மீண்டும் ஒருமுறை அங்கே போயிற்று. பிறகு அவள் நீலத்தை அழுத்தினாள். 'கடக்' என்றது. கடையில் கணினி பார்த்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுதான் வேணும்."

"அக்கா, சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல வச்சு அடிக்கிறவங்களுக்கு நான் ப்ளூ குடுக்குறதில்ல. வாங்கிட்டுப் போயி, வீட்டுல சண்டைன்னு திருப்பிக் கொண்டாந்துடுறாங்க. உங்க கை பிரவுனத்தான் தேடுது, நானும் பாத்தேன்."

"இதவிடச் சத்தமா இருக்கா?"

ஷஹ்பாஸ் சிரித்துவிட்டான். "இதவிடச் சத்தம் வேணும்னா மேளந்தான் வாங்கணும். சரி, சுவிட்ச கழட்டி மாத்துற மாதிரி போர்டாவே தர்றேன். பின்னால மனசு மாறினா சுவிட்ச மட்டும் மாத்திக்கலாம்."

"மனசெல்லாம் மாறாது, நீங்க பில்லப் போடுங்க" என்றாள் சுடர்விழி.

வீடு திரும்பியதும் விசைப்பலகையைப் பொருத்தி, பின்னறைக் கதவை வேண்டுமென்றே அகலத் திறந்துவைத்து, அடிக்கத் தொடங்கினாள். அந்த ஓசை கூடத்தைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, நெல் காய்ந்துகொண்டிருந்த வாசல் வரை பாய்ந்தது. தையல் இயந்திரம் திடுக்கிட்டு நின்றது. எழில்மொழி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஓட்டு மேல கல்லு விழுதா?"

"இல்ல. வேலை நடக்குது."

நெடுமாறன் மாலையில் வந்து வாசலிலேயே நின்று காதைச் சாய்த்துக் கேட்டான். "எஞ்சின்ல டேப்பெட் அடிக்குதே! எவன் வண்டிய நம்ம வீட்டுக்குள்ள கொண்டாந்து நிறுத்துனான்?"

ஆனால் உண்மையான தீர்ப்பு பூவம்மாளுடையது. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றாள். மருமகளின் பத்து விரல்களும் பறப்பதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிவு தோன்றியது.

"இப்பத்தாண்டி ஒரு வேலை நடக்குறது தெரியுது. இத்தன நாளா ஊமையாட்டம் உக்காந்திருந்தா யாரு நம்புவா?" என்றாள். பிறகு, உற்சாகம் வந்துவிட்ட காரணத்தால், எப்போதும் சொல்லும் கதையை மறுபடியும் சொன்னாள். "நாங்க நடவு நட்டப்ப, பண்ணையாரு வரப்புல கொடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. எங்களப் பாக்கக்கூட மாட்டாரு. பாட்டக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. பாட்டு நின்னுச்சு, 'என்னாங்கடி, கை நின்னுபோச்சா'ன்னு ஒரு சத்தம் வரும் பாரு! நான் விடுவனா? இடுப்ப நிமித்தணும்னா கையத்தான் நிறுத்துவேன், பாட்ட நிறுத்த மாட்டேன். அவரு பாட்டுக்கு நடவு நடக்குதுன்னு நெனச்சிக்கிட்டிருப்பாரு."

"கெட்டிக்காரிதான் நீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சுடர்விழி தொடர்ந்து அடித்தாள்.

அடுத்து வந்த நாட்கள் பொற்காலம் என்றே சொல்லத்தக்கவை. வாசலில் வந்து நின்றவர்களிடம், "அது வேலையா இருக்கு, கேக்கல?" என்று பூவம்மாள் அதட்டினாள். கோழிகளை எழில்மொழி விரட்டினாள். கோப்புகள் குறித்த நேரத்துக்குள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. தான் வாங்கியது வெறும் விசைப்பலகை அல்ல, வீட்டில் தனக்குரிய இடம் என்று சுடர்விழி பெருமிதம் கொண்டாள்.

அந்தப் பெருமிதத்துக்குள் ஒளிந்திருந்த கணக்கு விரைவில் வெளிப்பட்டது. ஓசை கேட்டால் வேலை நடக்கிறதென்றால், ஓசை கேட்காதபோது வேலை நடக்கவில்லை என்றுதானே ஆகிறது! கேட்டு எழுதுகிற வேலையில் பாதி கேட்பது. தெளிவில்லாத ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேசியவரின் மூச்சைப் பின்தொடர வேண்டும். அப்போது விரல்கள் அசையா.

"சுடரு, சத்தத்தக் காணோமே. முடிஞ்சிருச்சா? வந்து இந்தப் படுதாவப் புடி."

முன்பு ஏதாவது தேவை இருந்தால்தான் கூப்பிட்டார்கள். இப்போதோ ஓசை நின்ற கணமே அழைப்பு வந்தது. ஆகவே அவள் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தாள். காது ஒலிப்பதிவில் இருக்கும்போதே, வலக்கை விரல்களை அவை இயல்பாக ஓய்வெடுக்கும் வரிசையிலேயே தட்டிக்கொண்டிருப்பாள். கபமத, கபமத, கபமத என்று திரையில் வரிவரியாக ஓடும். வீடு நிறைவோடு கேட்டுக்கொண்டிருக்கும். சொல் பிடிபட்டதும் அந்த வரிகளை அழித்துவிட்டு, உண்மையான வாக்கியத்தை அடிப்பாள்.

கை ஓய்வெடுக்க வேண்டிய நேரத்திலும் உழைத்ததால் விரல் வலி இப்போது வலக்கைக்கும் வந்தது. அதனினும் பெரிய கேடு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசி வழியே வந்து சேர்ந்தது.

"அக்கா," என்றாள் ஆயிஷா, "நேத்து அனுப்பினீங்களே, விவசாயிகள் கூட்டம், அதுல தலைவர் பேச்சுக்கு நடுவுல அவரு என்ன பாஷை பேசுறாரு?"

"தமிழ்தான். ஏன்?"

"அரைப் பக்கத்துக்கு கபமத கபமதன்னு பேசுறாருக்கா."

சுடர்விழி மடிக்கணினியை இழுத்தாள். கோப்பைத் திறந்து பார்த்தாள். வாய்க்கால் தூர்வாரும் கோரிக்கைக்கும் கொள்முதல் நிலையக் கோரிக்கைக்கும் இடையே, அழிக்க மறந்துபோன அவளுடைய பொய்யுழைப்பு அணிவகுத்து நின்றது.

"மேல யாரும் இன்னும் பாக்கல," என்று ஆயிஷா குரலைத் தாழ்த்தினாள். "முழுசா ஒருதடவ கேட்டுச் சரிபாத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. இன்னைக்குத்தான் லிஸ்ட்டு போகுது. அஞ்சு மணி தாண்டிச்சுன்னா உங்க பேரு அதுல இருக்காதுக்கா."

நீண்ட ஒலிப்பதிவு அது. திறந்த வெளியில் நடந்த கூட்டம். ஒலிபெருக்கியின் இரைச்சல், காற்று, பலர் ஒரே நேரத்தில் பேசுவது எல்லாம் கலந்திருந்தன. அடிப்பதற்கு அதிகமில்லை, கேட்பதற்கே எல்லாம் இருந்தது. சுடர்விழி விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடிக் கேட்கத் தொடங்கினாள். வீடு அமைதியாயிற்று.

"சுடரு!"

அவள் அசையவில்லை.

"ஏ சுடரு! வாசல்ல கோழி பூராவும் நெல்லுலதான் நிக்குது. சத்தமே இல்ல, சும்மாதானே குந்தியிருக்க?"

பூவம்மாள் நேரே வந்து கதவில் நின்றாள். இடுப்பில் முறம் இருந்தது. அவளுக்குப் பின்னால், சண்டையின் வாசனை பிடித்து, கத்தரிக்கோலோடு எழில்மொழியும் வந்து நின்றாள்.

"கூப்புடுறது காதுல விழலையா?"

சுடர்விழி காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவசரமின்றித் திரும்பினாள்.

"விழுந்துச்சு. நான் வேலையா இருக்கேன்."

"கைய மடியில வச்சிக்கிட்டா?"

"ஆமா. கைய மடியில வச்சிக்கிட்டுத்தான்."

"என்னடி எகத்தாளமா? அந்தப் பொட்டி சத்தம் போட்டாத்தான் வேலைன்னு நீதானே வாங்கியாந்த?"

"நாந்தான் வாங்கியாந்தேன். அது என் புத்தி கெட்டுப்போன வேலை. இத்தன நாளா இங்க கேட்டுதே சத்தம், அதுல பாதி பொய்யிங்கத்த. நீங்க கூப்பிடக் கூடாதுன்னு சும்மா தட்டிக்கிட்டிருந்தேன். கபமத கபமதன்னு. அத மறந்துபோயி அப்படியே அனுப்பிட்டு, இப்ப வேலையே போற நெலமையில உக்காந்திருக்கேன்."

எழில்மொழிக்குச் சிரிப்பு பீறிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். பூவம்மாள் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கள ஏமாத்துனியா?"

"நீங்க பண்ணையாரை ஏமாத்துனீங்கள்ல, அது மாதிரிதான். நீங்க வாயில பாடினத நான் விரல்ல பாடினேன்." சுடர்விழி எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. "பாட்டு நின்னா கை நின்னுபோச்சுன்னு அன்னைக்குச் சொன்னது யாரு? வரப்புல கொடைய புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தவரு. இன்னைக்குச் சொல்றது யாரு?"

முறம் பூவம்மாளின் இடுப்பிலிருந்து சரிந்து அவள் கையில் தொங்கியது.

"என்னை அந்த ஆளோடயா சேக்குற? நாலு மாசப் புள்ளயக் கரையில போட்டுட்டு நட்டவ நான்! அந்த ஆளு நெழலு என் மேல பட்டாலே எனக்கு ஆவாது!"

"எனக்கும் ஆவாது. அதான் சொல்றேன். இனிமே நான் வேலை செய்யிறேன்னு யாருக்கும் பாடிக் காட்ட மாட்டேன். சத்தம் கேட்டாலும் வேலைதான், கேக்காட்டியும் வேலைதான். நான் சொன்னா வேலை. கோழி என் வீட்டுக் கோழிதான், நெல்லும் என் வீட்டு நெல்லுதான், அஞ்சு மணிக்கு மேல நானே வந்து வெரட்டுறேன். அதுவரைக்கும் வீடே பத்திக்கிட்டாத்தான் என்னைக் கூப்பிடணும்."

இதைச் சொல்லிவிட்டு மறுமொழிக்குக் காத்திராமல் உட்கார்ந்து, கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒரு விவசாயி, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்ன வாய்க்காலின் பெயர் அதுவரை அவளுக்குப் பிடிபடாதிருந்தது. இப்போது தெள்ளத் தெளிவாகக் கேட்டது. நீல விசைகள் கடகடவென்று ஒரு வரி அடித்து ஓய்ந்தன. பிறகு நெடுநேரம் ஓசையில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னதாகக் கோப்பு போய்ச் சேர்ந்தது. "வந்துருச்சு அக்கா, பேரையும் சேத்தாச்சு. கபமத தலைவர் இப்பத்தான் தமிழ் பேசுறாரு" என்று ஆயிஷா செய்தி அனுப்பினாள். சுடர்விழி வாசலுக்கு வந்து, சொன்ன சொல் தவறாமல் கோழிகளை விரட்டினாள். பூவம்மாள் அவளோடு பேசவில்லை. இரவில் அவளுடைய சோற்றுத் தட்டை மட்டும் வழக்கத்தைவிட ஓங்கி வைத்தாள்.

அந்த வாரமே சுடர்விழி மீண்டும் தஞ்சாவூருக்கு ரயிலேறினாள். ஷஹ்பாஸ் படியிலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"என்னக்கா, வீட்டுல சண்டையா?"

"சண்டைதான். ஆனா போட்டது நான். பிரவுன் சுவிட்சு குடுங்க."

"மனசு மாறாதுன்னீங்களே!"

"இதுவும் என் மனசுதான். அன்னைக்கு ஊரு காதுக்கு வாங்கினேன். இன்னைக்கு என் விரலுக்கு வாங்குறேன்."

சுவிட்சுகளைப் பிடுங்குவதற்குரிய சிறிய இடுக்கியையும் அவன் கொடுத்தனுப்பினான். நீலத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழுப்பை அழுத்திப் பொருத்தும்போது, இது நாற்றைப் பறித்து நடுவது போல இருக்கிறதென்று எழில்மொழி கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே, பிடுங்கிய நீலங்களை ஒரு பித்தான் டப்பாவில் போட்டு மூடிவைத்தாள்.

அதன்பின் சுடர்விழி இன்னொன்றும் செய்தாள். மேசையைப் பின்னறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, போவோர் வருவோர் கண்ணில் படும்படி, நடுக்கூடத்தில் தையல் இயந்திரத்துக்கு எதிரே போட்டாள். கதவுக்குள் ஒளிந்துகொண்டு ஓசையை மட்டும் வெளியே அனுப்புவது முடிந்துவிட்டது. கைகளை மடியில் வைத்து, கண்களை மூடி, ஊரறிய அமர்ந்து கேட்டாள்.

முதல் நாளே கறிவேப்பிலை கேட்கும் பக்கத்து வீட்டு ராசம்மாள் வந்துவிட்டாள்.

"என்ன பூவம்மா, மூத்த மருமவ உக்காந்துகிட்டே தூங்குறா?"

பூவம்மாள் மருமகளைப் பார்த்தாள். சுடர்விழிக்கு அந்தக் கேள்வி கேட்டது. பார்வை தன் மேல் விழுவதும் தெரிந்தது. விரலை அசைத்து ஏதேனும் தட்டிக் காட்டலாம் என்ற பழைய ஆசை ஒரு கணம் எழுந்தது. அவள் அசைத்துக் காட்டவில்லை.

"தூங்குனா ஒனக்கென்ன, முழிச்சிருந்தா ஒனக்கென்ன?" என்றாள் பூவம்மாள். "கறிவேப்பிலை கொல்லையில இருக்கு, நீயே போயிப் பறிச்சிக்க." பின்பு முறத்தைத் தூக்கிக்கொண்டு, "கோழிய வெரட்டக்கூட இந்த வீட்டுல ஆளில்ல" என்று தெரு முழுவதும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய், 'ச்சூ, ச்சூ' என்று மிகுந்த ஆரவாரத்துடன் விரட்டினாள்.

ஒலிப்பதிவில், நெடுநேரமாகப் பிடிபடாதிருந்த சொல் பிடிபட்டது. சுடர்விழி கண்ணைத் திறந்து, இடது ஆள்காட்டி விரலைப் புள்ளி விசையின் மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். பாதி வழியில் அந்தச் சிறிய மேடு விரலைத் தொட்டு வழிவிட்டது. எதிரே இருந்த எழில்மொழிக்குக்கூட அது கேட்கவில்லை.